மற்றத் தரப்பையும் கேட்க வேண்டும்

வுப்பர்டாலில் ஓடும் தொங்கு ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்குச் சின்னப்பிள்ளை போலச் சந்தோஷம் வந்துவிடும். தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும்; பெட்டி அதில் தொங்கிக்கொண்டு போகும். நெடுந்தூரம் ஆற்றுக்கு மேலாகப் போய், நகரத்தின் மேற்குப் பக்கம் வந்ததும் ஆற்றை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு மேலேயே ஓடும். கீழே நடப்பவர்களின் உச்சந்தலை, பாண் வாங்கிக்கொண்டு வருகிறவர்களின் பை எல்லாம் தெரியும். அவர்களில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நான் இருக்கும் பீலெஃபெல்ட் நகரத்தில் இருந்து அந்தப் பக்கம் போக நேரும்போதெல்லாம், வேலை இல்லாவிட்டாலும் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டுத்தான் திரும்புவேன். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். அதில்தான் இருந்தேன். மிச்சத்தை முறையாகச் சொல்கிறேன்.

இந்த வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதித் தர அனுமதித்ததற்கு நன்றி, விசாரணை அதிகாரி அம்மா. மொழிபெயர்க்க வந்த நிருஷா கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் முதல் நாள் நான் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளையின் குரல் தடுமாறியதைக் கவனித்தேன். இறந்துபோன தக்சாயினிக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. காகிதத்தில் இருந்தால் ஆறுதலாக நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்க்கலாம். அதோடு நான் ஒரு சட்டத்தரணி. என் சொல்லுக்கு நானே பொறுப்பாக இருக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

என் பெயர் நவரத்தினம். பத்தொன்பது வயதில் துவக்குத் தூக்கினேன். முழங்காலில் செல் துண்டு ஏறிய பிறகு, இவன் இனிச் சண்டைக்கு உதவான் என்று இயக்கம் என்னைச் சட்டம் படிக்க அனுப்பியது. அப்போது எங்களுக்கென்று சட்டக்கல்லூரி இருந்தது, நீதிமன்றம் இருந்தது, கறுப்புக் கோட்டு இருந்தது. கூரைத் தகரம் கொதிக்கிற வெயிலிலும் அந்தக் கோட்டைக் கழற்றாமல் வாதாடியிருக்கிறேன். நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்த காலம் அதுதான். பிறகு தோற்றுப்போனோம். தோற்றவனுக்கு நாடு மட்டுமல்ல, படித்த படிப்பும் இல்லாமல் போய்விடும் என்பது இங்கே வந்த பிறகுதான் விளங்கியது. என் படிப்பை அங்கீகரிக்கச் சொல்லி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாக, அந்த நீதிமன்றம் எந்த நாட்டுக்குச் சொந்தமானது என்று கேட்டார்.  அடுத்த மாதமே மருத்துவமனைத் துணிகளைத் துவைக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றுவரை அங்கேதான்.

ஆனால் எங்கள் சனத்துக்கு நான் 'லோயர் அண்ணை'. சனிக்கிழமை பின்னேரம் என்றால் பீலெஃபெல்டில் பிரச்சினை உள்ளவர்கள் என் வீட்டுக்கு வருவார்கள். கடையைப் பங்கு பிரிக்கிற அண்ணன் தம்பி, கோயில் திருவிழாவில் முறைத்துக்கொண்டவர்கள், புருசன் பெண்சாதி. பொலிசுக்குப் போனால் ஊர் சிரிக்கும். லோயர் அண்ணையிடம் போனால் கதவுக்குள்ளேயே முடிந்துவிடும். நான் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். பழைய உடுப்புக் கடையில் வாங்கிய கோட்டுத்தான், சிரிக்க வேண்டாம். என் மனைவி குணேஸ்வரி ஒரு தட்டோடு வருவாள். எல்லோரும் கைபேசியை நிறுத்தி அதில் வைக்க வேண்டும். பிறகுதான் தேத்தண்ணீர். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக்கூடாது. எல்லாவற்றிலும் பெரிய விதி ஒன்று உண்டு: மற்றத் தரப்பு இல்லாத இடத்தில் நான் ஒரு சொல்லும் கேட்கமாட்டேன், ஒரு பொருளும் கையேற்கமாட்டேன்.

அந்த விதி எனக்குச் சும்மா வரவில்லை. போராளியாக இருந்த காலத்தில் ஒருநாள், ஒரு மாமரத்தில் கட்டி வைத்திருந்த மனிதருக்கு என்னைக் காவல் விட்டார்கள். காட்டிக்கொடுத்தவர் என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் சாட்சி. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு, "தம்பி, என்னை ஆராவது விசாரிப்பினமோ?" என்று கேட்டார். "ஓம், விசாரிப்பினம்" என்றேன். ஒருவரும் விசாரிக்கவில்லை. பிறகு தெரியவந்தது, அது வேலிச் சண்டை. அவருடைய அந்தக் கேள்வி இன்றுவரை என் காதை விட்டுப் போகவில்லை. சட்டம் படிக்கச் சொன்னபோது நான் சந்தோஷமாகப் போனதற்குக் காரணம் அதுதான். தக்சாயினி விசயத்தில் நான் செய்ததை நீங்கள் எடைபோடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தக்சாயினியும் சுலக்ஷனும் என்னிடம் இரண்டு தடவை வந்தார்கள். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு ஆஉஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அவன் சரக்கு வாகனம் ஓட்டினான். ஆதிரை என்று ஐந்து வயதில் ஒரு மகள். முதல் தடவை அவள் சொன்னது, கை நீட்டுகிறார் என்று. அவன் மறுக்கவில்லை, அழுதான். நான் அவனைச் சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ண வைத்தேன். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய கையெழுத்து இல்லை. அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். போனாள்.

இரண்டாம் தடவை வந்தபோது அவளுடைய மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்தது. அவன் மறுபடியும் அழுதான். மறுபடியும் கற்பூரம் கொளுத்தினோம். குணேஸ்வரி தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளைக்காகப் பொறுத்துப் போ என்று தக்சாயினிக்குச் சொன்னேன். அவள் தன் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணை, நீங்கள் சொல்லுறதை அவர் கேக்கிறார். வாசல் தாண்டினாப் பிறகு கேக்கிறேல்லை" என்றாள். நல்ல வாதம். ஒரு சட்டத்தரணியாக அதை நான் ரசித்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

மூன்றாம் தடவை அவள் என்னிடம் வரவில்லை. வேலையிடத்தில் யாரோ ஒரு ஜேர்மன்காரியின் உதவியோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வுப்பர்டாலில் ஒரு பெண்கள் காப்பகத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பெண் வக்கீல் அவளுக்காக வழக்கும் போட்டுவிட்டார். சுலக்ஷன் வீட்டுக்கு வந்து என் முன்னால் இருந்துகொண்டு, "ஆரிட்டயும் போக விடமாட்டன் அண்ணை. எனக்கில்லாட்டி ஒருத்தருக்கும் இல்லை" என்றான். கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான் என்று எடுத்துக்கொண்டேன். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அதைவிட மோசமாகப் பேசியவர்கள் பிறகு மனைவிக்குச் சேலை வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

தக்சாயினி வக்கீல் வைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் குணேஸ்வரி வேறு மாதிரி நினைக்கிறாள். அந்தச் செய்தி பரவிய பிறகு, ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டில், அன்ரனிற்றா என்ற பெண் எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்துகொண்டு, அந்த ஜேர்மன் வக்கீலின் இலக்கம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டாள். என்னைப் பார்த்ததும், தட்டில் இருந்த ரோல்ஸ் நன்றாக இருக்கிறது என்று பேச்சை மாற்றினாள். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் குணேஸ்வரி தட்டைத் துடைத்து மேசையில் வைப்பாள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு இருப்பேன். யாரும் வராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடிப்போம். எனக்கும் ஓய்வு தேவைப்பட்டது.

வைகாசி மாதம் தக்சாயினி எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, நான் தக்சாயினி. குறை நினைக்காதேங்கோ. ஒரேயொரு உதவி. கொடி என்னட்ட இருக்கு. அதை நான் வைச்சிருக்கேலாது."

தாலிக்கொடியைச் சொன்னாள். நீங்கள் ஜேர்மன்காரி என்பதால் விளக்க வேண்டியிருக்கிறது. அது வெறும் சங்கிலி இல்லை. கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து கட்டுவது. பிரிந்து போகிற பெண் அதைத் தன்னோடு வைத்திருந்தால், நகையோடு ஓடினவள் என்ற பெயர் அவளுக்கு மட்டுமல்ல, ஊரில் இருக்கிற தாய் தகப்பனுக்கும் வரும். நாலு பேருக்குத் தெரிந்த ஒரு பெரிய மனிதரின் கையில் கொடுத்தால் அந்தக் கதை எழும்பாது.

"உன்ர வக்கீலம்மாவிட்டக் குடுக்கலாமே?" என்று கேட்டேன்.

"அவவுக்கு இது விளங்காது அண்ணை. தபாலில அனுப்பட்டாம். கொடியைத் தபாலில அனுப்பலாமே?"

அனுப்பக்கூடாதுதான். அவள் சொன்னது சரி. காப்பகத்தின் முகவரியை அவள் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொங்கு ரயில் நிறுத்தம் ஒன்றுக்குக் கீழே இருக்கும் பேக்கரியைச் சொன்னாள். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். நான் தனியாகத்தானே வருவேன் என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு அவள், "இது மட்டுந்தான் அண்ணை. மற்றதெல்லாம் அவ பாக்கிறா. இனி உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சுலக்ஷனுக்கு அவளுடைய இடம் எப்படித் தெரிந்தது என்று நீங்கள் இத்தனை நாளாகத் தேடுகிறீர்கள். காப்பகத்து ஊழியர்களை விசாரித்தீர்கள், அவளுடைய வேலையிடத்தில் விசாரித்தீர்கள். அவர்கள் யாரும் குற்றவாளிகள் இல்லை. சுலக்ஷனும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவன் காப்பாற்றிய ஒரே சத்தியம், என் பெயரைச் சொல்வதில்லை என்று எனக்குக் கொடுத்ததுதான். நான்தான் சொன்னேன். பேக்கரியையும் சொன்னேன், நேரத்தையும் சொன்னேன்.

மற்றத் தரப்பு இல்லாமல் ஒரு பொருளைக் கையேற்பதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். கொடி அவனுக்குச் சேர வேண்டியது. அவன் கண்ணால் பார்க்க, அவள் தர, நான் வாங்கி அவன் கையில் கொடுப்பதுதான் முறை. அவன் வருகிறான் என்பதை அவளுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அறிவித்திருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள். முன்னறிவித்தல் இல்லாமல் நடக்கிற விசாரணை செல்லாது என்று சட்டக்கல்லூரியில் முதலாம் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள். அந்த ஓரிடத்தில் நான் முறை தவறினேன். ஒப்புக்கொள்கிறேன்.

இன்னோரிடமும் இருக்கிறது. அந்தச் சந்திப்புக்கு முதல் நாள் சுலக்ஷன் என்னிடம், "அண்ணை, நீங்கள் கொஞ்சம் பிந்தி வாங்கோ. நான் முதல்ல தனிய ரெண்டு வார்த்தை கதைக்கவேணும். நீங்கள் நிண்டால் அவள் உங்களைப் பாத்துத்தான் கதைப்பாள்" என்றான். அப்போது அவன் அழவில்லை. இரண்டு தடவையும் அழுதவன் அன்றைக்கு அழவில்லை என்பதை நான் கவனித்தேன். சரி என்றேன்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தக்சாயினி பேக்கரி வாசலிலேயே இறந்துபோனாள். அவன் கத்தியைப் போட்டுவிட்டு அங்கேயே குந்தியிருந்தான். முதல் விசாரணையில் உங்களிடம், கொடியை வாங்க வரும்படி அவள் கேட்டதாகவும், என் ரயில் பிந்திவிட்டதாகவும், கைபேசியை நிறுத்தி வைத்திருந்ததால் அவளுடைய கடைசி அழைப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்றும் சொன்னேன். விசாரணைக்குப் போகும்போது கைபேசியை நிறுத்துவது என் வழக்கம் என்று விளக்கமும் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். அனுதாபத்தோடு தண்ணீர்கூடத் தந்தீர்கள். இந்த நாட்டில் ஒருவரும் அதுவரை என்னை அப்படி ஒரு மரியாதையோடு கேட்டதில்லை.

குணேஸ்வரி நம்பவில்லை. செத்தவீடு முடிந்து இரண்டு கிழமை அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். ஒரு பகல் சமைத்துக்கொண்டிருந்தவள், அடுப்பை நிறுத்திவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

"அண்டைக்கு நான் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு உங்களுக்கு ஃபோன் எடுத்தனான். ஞாபகமிருக்கே?"

"ஓம்."

"நீங்கள் உடன எடுத்தனீங்கள். ரயிலில வாறன் எண்டு சொன்னனீங்கள். குரலில ஒரு வித்தியாசமும் இல்லை."

நான் மேசையில் கிடந்த பேப்பரை மடித்தேன்.

"அவள் எடுத்ததுக்குப் பிறகுதான் நான் எடுத்திருக்கிறன். உங்கட ஃபோனில நேரத்தைப் பாத்திட்டன். எனக்குத் திறந்திருந்த ஃபோன் அவளுக்கு மட்டும் எப்பிடிப் பூட்டியிருந்தது?" கையில் இருந்த அகப்பையை மேசையில் வைத்தாள். "நீங்களாப் போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன். அந்தப் பிள்ளை ஆதிரையின்ர முகத்தில எனக்கு முழிக்கேலாமக் கிடக்கு."

நல்ல குறுக்கு விசாரணை. வாய்ப்புக் கிடைத்திருந்தால் அவள் என்னைவிடத் திறமான சட்டத்தரணியாக வந்திருப்பாள். முருங்கைக்காயை நான் மறக்காமல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வுப்பர்டாலில் இருக்கிற தமிழ்க்கடையில் நல்ல பிஞ்சாக இருந்தது. அன்று அவள் அதைக் குழம்பு வைத்தாள், நான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டேன்.  எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது அந்த இடத்தில்தான்.

ஆதலால் உண்மையைச் சொல்கிறேன். ரயில் பிந்தவில்லை. நான் சொன்ன நேரத்துக்கே அந்தப் பக்கம் வந்துவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. நல்ல வெயில், கீழே எல்லோரும் கையில்லாத சட்டையோடு திரிந்தார்கள். பெட்டி நிறுத்தத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் பேக்கரி தெரிந்தது. தக்சாயினி வாசலில் நின்றாள். நீல நிறச் சட்டை. இரண்டு கையாலும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கொடி அதற்குள் ஆதிரையின் கைலேஞ்சியில் சுற்றியிருந்ததாகப் பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவள் நிறுத்தத்துப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் படியால்தான் இறங்கி வர வேண்டும்.

சுலக்ஷன் தெருவின் மற்றப் பக்கமாக வந்துகொண்டிருந்தான். தடித்த குளிர்ஜக்கெட் போட்டிருந்தான். அந்த வெயிலில் கோட்டும் ஜக்கெட்டும் போட்டுக்கொண்டு வந்தது நானும் அவனும்தான். இடது கை வீசி வீசி வந்தது. வலது கை ஜக்கெட்டுக்குள் இருந்தது. நான் பத்தொன்பது வயதிலிருந்து ஆயுதத்தோடு திரிந்தவன். ஒருவன் எதையாவது உடம்போடு மறைத்துக்கொண்டு நடக்கும் நடை எனக்குத் தெரியும். தோள் ஒரு பக்கம் இறுகிப்போகும். எனக்கு அது தெரியவில்லை என்று எந்த நீதிமன்றத்திலும் என்னால் சொல்ல முடியாது. தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது.

கதவு திறந்தது. சிலர் இறங்கினார்கள். பிள்ளை வண்டியோடு ஒரு பெண் ஏறினாள்; என் காலை ஒதுக்கி அவளுக்கு இடம் விட்டேன். ஓடினால் பிடித்திருக்கலாம். முழங்கால் சரியில்லைதான், ஆனால் சத்தம் போட்டிருக்கலாம். கண்ணாடியில் தட்டியிருந்தால்கூட அவள் நிமிர்ந்து பார்த்திருப்பாள். நான் தட்டவில்லை. கதவு மூடியது. அவன் பிந்தி வரச் சொன்னான், நான் சம்மதித்திருந்தேன், ஒரு தரப்புக்குக் கொடுத்த வாக்கை மீறக்கூடாது என்று எனக்குள் ஒரு நியாயம் ஓடியது. அது நியாயம் இல்லை என்பதும் அப்போதே தெரிந்தது. மாமரத்தில் கட்டியிருந்த மனிதர் கேட்டது ஞாபகம் வந்தது. அவருக்கு நான் தண்ணீராவது கொடுத்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கொடி உங்களிடம் சான்றுப்பொருளாக இருக்கிறது. வழக்கு முடிந்ததும் அதை அவனுடைய ஆட்களிடம் கொடுக்க வேண்டாம். ஆதிரைக்குச் சேர வேண்டும். என் கையால் அல்ல.

இனி அந்த அழைப்பு. குணேஸ்வரியின் கேள்விக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. உங்களிடமும் இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ரயில் நிறுத்தத்தை விட்டுப் புறப்பட்டு, பேக்கரியின் கூரை ஜன்னலுக்குப் பின்னால் போன நேரம் கைபேசி அடித்தது. அவள் அவனைக் கண்டிருப்பாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். திரையில் தக்சாயினி என்று விழுந்தது. பிள்ளை வண்டிக்காரி, எடுங்களேன் என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அது நெடுநேரம் அடித்தது. மற்றதெல்லாம் வக்கீலம்மா பார்க்கிறா, இனி உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன் என்று சொன்னவள், அந்த வக்கீலம்மாவின் இலக்கத்தை அழுத்தவில்லை. பொலிசையும் அழைக்கவில்லை. எனக்குத்தான் எடுத்தாள், எனக்கு அது போதுமாக இருந்தது.